புழுதியில் விளைந்த பாட்டு

இசைத்தட்டு என்பது பொழுதுபோக்குக்காக விலை கொடுத்து வாங்கும் சரக்கு என்றே பல்லாண்டுகள் எல்லா நாட்டிலும் கருதப்பட்டு வந்தது. நாடக மேடைப் பாட்டும், நடனசாலைப் பாட்டும், தேர்ந்த வித்துவான்களின் பாட்டும் தட்டில் ஏறின. வாங்கினோர் கேட்டனர், மகிழ்ந்தனர், புதியது வந்ததும் பழையதை மறந்தனர். ஆனால் வயலையும் வீட்டையும் இழந்து, பெண்டு பிள்ளைகளோடு பாதையோரத்தில் நின்ற மக்களின் வழக்கை, வக்கீல் வைக்க வகையற்ற அம்மக்களின் சார்பாக, ஓர் இசைத்தட்டுத் தொகுதி எடுத்துரைத்தது என்றால் அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலமன்றோ?

அத்தொகுதி 1940-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் விக்டர் கம்பெனியாரால் வெளியிடப்பட்ட ‘டஸ்ட் பௌல் பாலட்ஸ்’ என்பதாகும். ‘புழுதிக் கிண்ணத்துக் கதைப்பாடல்கள்’ என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். பாடியவர் உட்டி கத்ரி. அதுவே அவருடைய முதல் தொகுதி. பெருங்கம்பெனி ஒன்று அவரைக் கொண்டு வெளியிட்ட தொகுதியும் அஃதொன்றே.

பாடகரின் இளமை

உட்டி கத்ரி 1912-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி ஒக்கிலஹோமா மாகாணத்திலுள்ள ஒக்கீமா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற உட்ரோ வில்சனின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். தந்தை நிலம் வாங்கி விற்கும் தொழிலர், அரசியலிலும் தலையிட்டவர். ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்த குடும்பந்தான். எனினும் துன்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அக்குடும்பத்தைச் சிதறடித்தது. 1919-ல் தமக்கை கிளாரா தீக்காயத்தால் இறந்தாள். பழைய கதைப்பாடல்களை மகனுக்குப் பாடிக்காட்டிய தாயாரை ஹண்டிங்டன் நோய் என்னும் கொடிய பரம்பரை நோய் பற்றியது. நோயின் இயல்பை அறியாத ஊரார் அவரைப் பைத்தியம் என்றனர். 1927-ல் அவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1930-ல் அங்கேயே மாண்டார்.

1929-ல் கத்ரி டெக்ஸாஸ் மாகாணத்துப் பாம்பா என்னும் ஊருக்குச் சென்றார். கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதினார். சிற்றப்பனிடம் கித்தார் பயின்றார். கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். 1933-ல் மணஞ்செய்துகொண்டார். ஏழ்மையோடு இவ்வாறு நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்த காலத்திலேதான் அந்தப் புழுதி வந்தது.

புழுதி வந்த காரணம்

அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் சமவெளி பன்னூறாண்டுகளாகப் புல்வெளியாக இருந்தது. ஆழ வேரோடிய அப்புல்லே மண்ணைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது. முதல் உலக யுத்தக் காலத்தில் கோதுமை விலை ஏறிற்று. ‘உழு, உழு’ என்று சர்க்காரும் வியாபாரிகளும் ஏவினர். புல் உரிக்கப்பட்டது, மழை குறைந்த நிலமுங்கூட உழவுக்கு வந்தது. டிராக்டர் என்னும் உழவு எந்திரம் வந்தபின் இவ்வேலை பன்மடங்கு விரைந்து நடந்தது. யுத்தம் முடிந்தபின் விலை இறங்கவே, இறங்கிய விலையை விளைச்சலால் ஈடுகட்ட எண்ணி மேலும் உழுதனர். 1930-ஐ ஒட்டி விலை அடியோடு வீழ்ந்தது. அடுத்து வந்தது வறட்சி. பயிரும் இல்லை, புல்லும் இல்லை. பற்றுக்கோடற்ற மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று.

1935-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. கரிய மலையொன்று நகர்ந்து வருவதுபோலப் புழுதி மேகம் வடக்கினின்றும் வந்து ஊர்களை மூடிற்று. பாம்பா நகரத்தார் வீட்டுக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தனர். உலகமுடிவு வந்துவிட்டதென்று பலர் நம்பினர். சிலர் பிரார்த்தனை செய்தனர். சிலர் அயலாரிடம் விடைபெற்றுக்கொண்டனர். ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்நாள் பெயர் பெற்றது. மறுநாள் நிருபர் ஒருவர் எழுதிய செய்தியிற்றான் ‘புழுதிக் கிண்ணம்’ என்னும் தொடர் வழங்கலாயிற்று.

இதிலே நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. இது தெய்வ கோபமன்று; ஊழ்வினையுமன்று. மழை பொய்த்தது இயற்கை. மண் பறந்ததோ மனிதன் செய்கை. இதனை அறிந்த விஞ்ஞானிகள் எடுத்துரைத்ததன் பயனாக, அதே 1935-ம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் மண்காப்புச் சட்டம் நிறைவேறிற்று. சரிவுக்குக் குறுக்கே உழுதல், புல் விதைத்தல், காற்றைத் தடுக்க மர வரிசை வளர்த்தல் முதலியன பரவின.

நிலம் இழந்தோர்

பிழைப்புத் தேடி மேற்கே கலிபோர்னியாவுக்குச் சென்றோர் சில இலட்சம் பேர். அவர்கள் எல்லாரையும் புழுதியே துரத்தியது என்று கூறுவது சரித்திரமாகாது. பெரும்பாலோர் புழுதிப் புயல் மிகுந்த பகுதியினர் அல்லர். அதற்குக் கிழக்கே பருத்தி பயிரிட்ட குத்தகைக் குடியானவர்கள். 1933-ல் விளைச்சலைக் குறைப்பதற்காகச் சர்க்கார் நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. நிலக்காரர்களிற் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு குத்தகைக்காரரை வெளியேற்றினர். வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினர். ஒரு டிராக்டர் பல குடும்பங்களின் வேலையைச் செய்தது. ஆகவே புழுதி ஒரு பகை. கடன் ஒரு பகை. எந்திரம் உடையோன் கையிலிருந்த எந்திரமும் ஒரு பகை.

மேற்கே சென்றோருக்கு அங்கே நேர்ந்த வரவேற்பு எத்தகையது? 1936-ம் ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தலைவர் நூற்றுக்கு மேற்பட்ட போலீஸாரை மாகாண எல்லைக்கு அனுப்பி, கையில் காசில்லாதவரை உள்ளே விடாது தடுக்கச் செய்தார். சொந்த நாட்டிலேயே ஒரு மாகாணத்தினின்று மற்றொரு மாகாணத்துக்குப் போகக் காசு காட்டவேண்டுமென்றால் இதைவிட வெட்கக்கேடு உண்டா? உள்ளே நுழைந்தவர்களோ ‘ஓக்கி’ என்னும் இழிபெயரால் அழைக்கப்பட்டனர். பழத்தோட்டங்களில் கூலிக்கு நின்றனர். ஒரு வேலைக்குப் பலர் நின்றமையால் கூலி குறைந்துகொண்டே வந்தது. சங்கம் சேர்ந்தோரைத் தடியும் துப்பாக்கியுமாகத் திரிந்த கும்பல்கள் அடித்து விரட்டின.

ஒரு கடிதம் செய்த வேலை

கத்ரியும் இம்மக்களோடு மக்களாகக் கலிபோர்னியா சென்று, 1937-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கே.எப்.வி.டி. வானொலி நிலையத்திற் பாடலானார். ஊரைவிட்டு வந்தோர் அவர் குரலில் தம் ஊரைக் கேட்டனர். கடிதங்கள் வந்து குவிந்தன.

அக்கடிதங்களுள் ஒன்றை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். கத்ரி பிறந்த ஊர் நிறவெறி மிகுந்த ஊர். அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, 1911 மே மாதத்தில், லாரா நெல்சன் என்னும் நீக்ரோ மாதையும் அவள் மகனையும் ஒரு கும்பல் சிறையினின்று இழுத்துச் சென்று ஒக்கீமாவுக்கு அருகேயுள்ள ஆற்றுப் பாலத்தில் தூக்கிலிட்டது. அத்தகைய சூழலில் வளர்ந்தவர், அவ்வூர் வழக்கப்படியே நீக்ரோ மக்களை இழித்துரைக்கும் சொல்லமைந்த பாட்டொன்றை வானொலியில் அறிவித்துப் பாடினார். கேட்ட நீக்ரோ இளைஞர் ஒருவர், அச்சொல் தம்மையும் தம் இனத்தாரையும் எவ்வளவு புண்படுத்துகின்றதென்று கண்ணியமாக எழுதினார். கத்ரி என்ன செய்தார்? ‘எல்லாரும் சொல்வதுதானே’ என்று சமாதானம் கூறவில்லை. வானொலியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அப்பாட்டை விலக்கினார். பின்னாளில் லெட்பெல்லி முதலிய நீக்ரோப் பாடகர்களோடு ஒரே வீட்டில் உண்டு, ஒரே மேடையிற் பாடினார். நெல்சன் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையைக் குறித்தும் பாட்டு எழுதினார். பிறப்பினால் ஒட்டிய அழுக்கை அறிவினால் கழுவ முடியும் என்பதற்கு இஃதொரு சான்று.

தட்டில் ஏறிய கதை

1939-ல் ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘கோபத்தின் திராட்சைகள்’ என்னும் நாவல் வெளிவந்தது. ஒக்கிலஹோமாவினின்று துரத்தப்பட்ட ஜோடு குடும்பத்தின் கதை அது. 1940-ல் அது திரைப்படமாகவும் வந்தது. நாடெங்கும் அகதிகளைப் பற்றிய பேச்சு எழுந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் கத்ரி நியூயார்க் நகரம் சேர்ந்தார். மார்ச்சு 3-ந் தேதி பண்ணைத் தொழிலாளருக்கு நிதி திரட்ட ஒரு நாடக அரங்கில் நடந்த கச்சேரியில் அவர் பாடியதை, நாட்டுப்பாடல் திரட்டுவதில் வல்லவரான ஆலன் லோமாக்ஸ் கேட்டார். கேட்டவர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துச்சென்று காங்கிரஸ் நூல்நிலையத்துக்காகப் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தார். அவர் முயற்சியின் பயனாகவே விக்டர் கம்பெனியார் கத்ரியை ஏற்றனர்.

நியூஜெர்சி மாகாணத்துக் காம்டன் நகரில் ஏப்ரல் 26-ந் தேதியும் மே 3-ந் தேதியும் பதிவு நடந்தது. பக்கவாத்தியக் கூட்டம் ஏதுமில்லை. ஒரு குரல், ஒரு கித்தார், ஒரு வாயிசைக் கருவி, அவ்வளவே. அக்காலத்துத் தட்டு அரக்கினால் ஆகியது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். பல தட்டுகளைக் காகித உறைகளில் இட்டுப் புத்தகம்போல் கட்டி விற்றதனாலேயே ‘ஆல்பம்’ என்னும் பெயர் ஏற்பட்டது. கத்ரியின் பாட்டுகள் மூன்று தட்டுகள் கொண்ட இரண்டு கட்டுகளாக வெளிவந்தன. ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம், பதினொரு பாட்டு. டாம் ஜோடின் கதையைச் சொல்லும் பாட்டு மாத்திரம் ஒரு பக்கத்தில் அடங்காமையால் இரண்டு பக்கங்களைப் பிடித்துக்கொண்டது. பதிவு செய்த வேறு இரண்டு பாட்டுகள் இடமின்றி விடப்பட்டன.

பாட்டுகளின் பொருள்

முதலாவதாக, பன்னிரண்டு பக்கங்களும் ஒரே பொருளைப் பற்றியன. புழுதி எழுதல், பயிர் அழிதல், நெஞ்சு நோய் காணல், ஊரைவிட்டுப் புறப்படுதல், எல்லையிலே தடுக்கப்படுதல், கும்பல்களால் அடிபடுதல் என்று ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு கோவையாக நடக்கிறது. காதற்பாட்டையும் கேலிப்பாட்டையும் கலந்து விற்ற காலத்தில் இவ்வாறு ஒரு தொகுதி முழுவதையும் ஒரு துன்பத்துக்கே ஒதுக்கியது புதுமை.

இரண்டாவதாக, மெட்டு. கத்ரி புது மெட்டுக்கு அலைந்தவர் அல்லர். மக்கள் முன்னமே அறிந்த மெட்டை எடுத்துப் புதுச் சொல்லை அதில் ஏற்றினார். ஜோடின் கதைக்கு ‘ஜான் ஹார்டி’ என்னும் பழைய கதைப்பாடலின் மெட்டு. நண்பர் வீட்டில் ஒரு தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்து ஒரே இரவில் அதனை அவர் எழுதி முடித்தார் என்பது பீட் சீகர் பின்னாளிற் கூறிய செய்தி. படம் பார்க்கக் காசில்லாத தம் ஊராருக்கும் அக்கதை எட்டவேண்டும் என்பதே நோக்கம்.

மூன்றாவது, இவையனைத்தினும் முக்கியமானது. ‘இவ்வுலகம் என் வீடன்று’ என்னும் கருத்துடைய ஞானப்பாட்டு ஒன்று கோயில்களிலும் அகதிகளின் கூடாரங்களிலும் பாடப்பட்டு வந்தது. இங்கே வீடில்லாவிட்டால் என்ன, மேலுலகில் வீடு காத்திருக்கிறது என்பது அதன் சாரம். கத்ரி அதன் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைத் தலைகீழாக்கினார். எனக்கு வீடில்லை, காரணம் விதியன்று, எடுத்துக்கொண்டவர் இன்னார் என்று கணக்குக் கேட்டார். ஏழையைப் பொறுத்திருக்கச் சொன்ன பாட்டு, ஏழையைச் சிந்திக்கச் சொல்லும் பாட்டாயிற்று. சீர்திருத்தம் என்பது எப்போதும் பழையதை எரிப்பதன்று. பழைய பாத்திரத்தில் புதிய உணவை இட்டு மக்களுக்கு ஊட்டுவதும் சீர்திருத்தமே.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. நம் ச-ரி-க போன்ற மேனாட்டு ஸ்வரங்கள் ‘டோ ரே மி’. அமெரிக்கக் கொச்சையில் ‘டோ’ என்றால் பணம். இச்சிலேடையையே தலைப்பாக வைத்து, காசில்லாதவனுக்குக் கலிபோர்னியா சொர்க்கமன்று என்று எல்லைக் காவலை எள்ளி நகையாடும் பாட்டொன்றும் தொகுதியிலே உண்டு. சிரித்துக்கொண்டே கேட்போர் சிரித்து முடிந்தபின் வெட்கப்படுவர். நீதிமன்றமும் பின்னர் அவ்வழியே வந்தது. ஏழைகளை மாகாணத்துக்குள் அழைத்து வருதல் குற்றம் என்ற கலிபோர்னியாச் சட்டத்தை 1941-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க உயர்தனி நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. பாட்டினால் தீர்ப்பு வந்தது என்று நாம் கூறவில்லை. பாட்டு சொன்னது நியாயமே என்று தீர்ப்புக் காட்டிற்று என்கிறோம்.

ஒரு குறை

புகழ வேண்டியதைப் புகழ்ந்தபின் குறையையும் கூறுதல் நேர்மை. இத்தொகுதியிற் பேசுவோர் பெரும்பாலும் வெள்ளைக் குடியானவர்களே. அவர்களுக்கு முன் அதே தோட்டங்களில் உழைத்த மெக்சிகோ நாட்டவர் 1930-களில் பெருந்தொகையாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். அவர்கள் துயர் இத்தட்டுகளில் இல்லை. அவ்விடைவெளியைக் கத்ரியே பின்னர் ஒருவாறு நிரப்பினார். 1948-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தொழிலாளரை ஏற்றிச்சென்ற விமானம் கலிபோர்னியாவில் லாஸ் காட்டோஸ் என்னுமிடத்தில் எரிந்து வீழ்ந்தது. மாண்டோர் 32 பேர். அவருள் 28 பேர் தொழிலாளர். செய்திகள் பல அவர்களைப் பெயர் சொல்லாது ‘நாடு கடத்தப்பட்டோர்’ என்றே குறித்தன. பெயரில்லையா இவர்களுக்கு என்று மனம் நொந்து கத்ரி ஒரு கவிதை எழுதினார். பின்னர் மற்றொருவர் மெட்டமைத்தார். அவர்கள் புதைக்கப்பட்ட பிரெஸ்னோ நகரக் கல்லறையில் 2013-ல் அவர்கள் அனைவரின் பெயரும் பொறித்த கல் நாட்டப்பட்டது. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பெயர் திரும்பிற்று!

தட்டின் பின்வரலாறு

தொகுதி வெளிவந்தபோது விற்பனை சொற்பமே. யுத்தம் வந்தது, தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது, புழுதியை நாடு மறந்தது. கம்பெனியாரும் தட்டை மறுபடி வெளியிடவில்லை. 1950-ல் போக்வேஸ் என்னும் சிறு நிலையத்தை நடத்திய மோசஸ் ஆஷ் அப்பாட்டுகளைப் புதிய நீளத்தட்டில் வெளியிட்டார். நாட்டுப்பாடல் மீண்டும் மதிப்புப் பெற்ற 1964-ல்தான் பழைய கம்பெனியார் விழித்துக்கொண்டு, முன்பு விடப்பட்ட இரண்டு பாட்டுகளையும் சேர்த்து மறுபதிப்புச் செய்தனர்.

அதற்குள் பாடகரின் குரல் ஓய்ந்துவிட்டது. தாயைக் கொன்ற நோயே மகனையும் பற்றியது. ஆண்டுக்கணக்காக மருத்துவமனையிற் கிடந்து, 1967-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி உட்டி கத்ரி காலமானார். 1961-ல் அவரைத் தேடி வந்த இளைஞர்களுள் ஒருவர் பாப் டிலன். 1962-ல் வெளிவந்த டிலனின் முதல் தொகுதியில் கத்ரிக்கு உரிமையாக்கிய பாட்டு ஒன்றுண்டு. முதல் தட்டு மற்றொரு முதல் தட்டைப் பெற்றது என்று நாம் கூறலாம்.

முடிவாக ஒன்று. ஒரு நாட்டின் சரித்திரத்தை மன்னரும் மந்திரிகளும் எழுதிவைக்கின்றனர். பஞ்சத்தில் மாண்ட குடியானவனின் சரித்திரத்தை எவர் எழுதுவர்? அவனுள் ஒருவன் பாடினாலன்றி அது மண்ணோடு மண்ணாகும். ஒக்கிலஹோமாவின் மண் காற்றிலே பறந்து போயிற்று. அம்மண்ணை உழுதோர் பட்ட பாடோ அரக்குத் தட்டிலே பதிந்து நிலைத்துவிட்டது. விற்பனைக் கணக்கை வைத்துப் பாட்டை மதிப்பிடுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.